52-இல் 27 போனால்...

52-இல் 27 போனால் எவ்வளவு என்று ஏதாவது ஒரு மூன்றாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். 25 என்ற விடையோடு 35 என்பதும் தவறாமல் வரும். அது கவனக்குறைவு இல்லை. 2-இல் 7 போகாது. ஆகவே 7-இலிருந்து 2-ஐ எடுத்து 5 என்று எழுதியாயிற்று. பிறகு 5-இல் 2 போக 3. பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று முதல் வகுப்பில் நாம் சொன்னதைத்தான் அந்தப் பிள்ளை செய்திருக்கிறது. இன்னொரு பிள்ளை 79 என்று எழுதும். கழித்தல் குறி அதன் கண்ணில் படவில்லை. வேறொரு பிள்ளை எதுவுமே எழுதாது. அதற்கு 52 என்பது அருகருகே நிற்கும் ஐந்தும் இரண்டும்தான். அந்த ஐந்துக்குள் ஐந்து பத்துகள் இருப்பதை யாரும் அதற்குக் காட்டியதில்லை.

மூன்று பேருக்கும் ஒரே சிவப்புக் கோடு போட்டுவிட்டு, கரும்பலகையில் அதே கணக்கை இன்னொரு முறை செய்து காட்டுவது நம் பழக்கம். எல்லோருக்கும் ஒரே பாடம், ஒரே நேரம் என்பதால் அது நியாயம் போலத் தோன்றுகிறது. உண்மையில் பலன் கிடைப்பது, விடையை ஏற்கெனவே அறிந்தவர்களுக்கும் வீட்டில் சொல்லித்தர ஆள் இருப்பவர்களுக்கும்தான்.

தருமபுரி மாவட்டத்தில் இந்த விஷயத்துக்கு எடை கூடுதல். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு, தருமபுரியில் 68.5. மாநிலத்திலேயே கடைசி இடம். இன்று தொடக்கப் பள்ளியில் இருக்கும் பிள்ளைகளின் தாய் தகப்பன்மாரும் தாத்தா பாட்டிமாரும் அந்தக் கணக்கில் அடங்கியவர்கள். பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக் குடும்பங்கள் கட்டட வேலைக்குப் பெங்களூரு போய்வருவது வாடிக்கை. கூடவே போகும் பிள்ளை பருவத்தின் நடுவில் திரும்பி வரும்போது பாடம் எங்கோ போயிருக்கும். வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் பிள்ளைகளுக்கு வாக்கியக் கணக்கில் முதல் தடை தமிழ். எண் அதற்கு அப்புறம்தான். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்குப் போய்ச் சேர்வதே ஒரு வேலை. இவர்கள் எல்லோரும் ஒரே வகுப்பறையில், பல நேரம் ஒரே ஆசிரியர் முன்னால் உட்கார்கிறார்கள். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். ஈராசிரியர் பள்ளியில் பிள்ளைகளின் நிலையறிந்து கற்பிப்பதைப் புதுமை என்று சொல்ல முடியாது. அதை விட்டால் வேறு வழி கிடையாது.

வழிமுறையும் நமக்குப் புதிதல்ல. பழைய திண்ணைப் பள்ளியில் அவனவன் வேகத்துக்கு எண்சுவடி ஏறியது. முன்னால் போனவன் சட்டாம்பிள்ளையாகிப் பின்னால் வருபவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். ஆனால் அந்தத் திண்ணையில் ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கும் பெண்களுக்கும் பெரும்பாலும் இடமில்லை. இப்போது கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நடையைத்தான் ஒன்றாக்கி வைத்திருக்கிறோம். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்தைக் கொண்டு செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அதன் அட்டைகளும் கற்றல் ஏணியும் பின்னர் மாநிலம் முழுக்கச் சென்றன. கொரோனாவுக்குப் பிறகு, 2022 ஜூனில், ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. முதல் மூன்று வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் தேவைப்பட்டால் அரும்பில் தொடங்கலாம். அடுத்த ஆண்டு இது நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீண்டது.

விட்ட இடத்திலிருந்து கற்பிப்பதால் பயன் உண்டா? தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்த அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோரின் ஆய்வு ஒரு பதில் தருகிறது. கொரோனாக் காலத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தின் மாலை வகுப்புகளால் வந்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. அந்த வகுப்புகளுக்கு அதிகம் வந்தவர்கள் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள். விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டால் பிள்ளைகள் எழுந்துவிடுகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வகுப்பறைக்குள் இது எப்படி நடக்கும்? அதே 52-இல் 27-ஐ எடுத்துக்கொள்வோம். தருமபுரியில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. ஒன்றும் எழுதாத பிள்ளை 52 கொட்டைகளை எண்ணி, பத்துப் பத்தாகக் கட்டட்டும். 35 எழுதிய பிள்ளைக்கு அந்தக் கட்டுகளைக் கொடுத்து, 27 கேட்டால் எந்தக் கட்டை அவிழ்ப்பாய் என்று கேட்கலாம். ‘கடன் வாங்குவது’ அங்கேயே விளங்கிவிடும். கூட்டிவிட்ட பிள்ளை அந்தக் கணக்குக்கு ஒரு கதை சொல்லட்டும். 25 என்று சரியாகச் சொன்னவர்களைச் சும்மா உட்கார வைக்கக் கூடாது: வித்தியாசம் 25 வரும்படி ஈரிலக்க எண் ஜோடிகள் எத்தனை? (மொத்தம் 65. கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஓடும்.) கடைசிப் பத்து நிமிடம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து அவரவர் வழியைச் சொல்ல வேண்டும். இந்தப் பத்து நிமிடம்தான் முக்கியம் என்பேன். இது இல்லாவிட்டால் நிலை என்பது நாளடைவில் நிரந்தர இருக்கையாகிவிடும்.

ஆபத்தும் அங்கேதான். அரும்பு, மொட்டு என்று எவ்வளவு அழகாகப் பெயர் வைத்தாலும், எது ‘மக்குப் புத்தகம்’ என்று பிள்ளைகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். பின்தங்கியவர்களுக்கு எளிய கணக்கே போதும் என்று ஆசிரியர் அமைதியடைந்துவிட்டால், பழைய பாகுபாடு புதிய பயிற்சி நூலோடு திரும்பி வரும். 2025-26இல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புக்குத் தொடங்கிய ‘திறன்’ பயிற்சியில் இந்தக் கவலை இன்னும் கூடுதல். பதிமூன்று வயதில் தனியாகப் பிரித்து உட்கார வைத்தால் பிள்ளைக்குச் சுருக்கென்று தைக்கும்.

பின்தங்கியவர் என்று யாரைச் சொல்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். டெல்லி, கொல்கத்தா சந்தைகளில் வேலை பார்த்த சிறுவர்களை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் சோதித்த ஆய்வு 2025-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. கடையில் மனக்கணக்காக விலை சொன்ன பிள்ளைகள் பாடப்புத்தகக் கணக்கில் திணறினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சந்தைக் கணக்கு வரவில்லை. பாலக்கோடு தக்காளி மண்டிக்கு அப்பாவோடு போய்வரும் பிள்ளையிடம் அந்தக் கணக்கிலிருந்து தொடங்கினால், பாடப்புத்தகம் அவ்வளவு தூரமாக இருக்காது.

இதையெல்லாம் செய்ய ஆசிரியருக்கு நேரம் வேண்டும். மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றுவதிலேயே நேரம் போகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஈராசிரியர் பள்ளிகளுக்கு மூன்றாவது ஆசிரியரைத் தருவது அரசின் வேலை. அது நடக்காமல் எத்தனை கையேடு அச்சிட்டும் பயனில்லை.

பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அடுத்த கூட்டத்தில் மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். ஜூன் மாதம் என் பிள்ளை எந்த நிலையில் இருந்தது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது, நகரவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள்.