பனிமலைக் கையுறை

ஆவடியில் சித்திரை வெயிலில் நடப்பவர்க்குக் கையுறை என்னும் நினைவே எழாது. ஆயினும், மாணவர்களே, நம் படைவீரர்க்கு உடை தைக்கும் அரசுத் தொழிற்சாலை இவ்வூரிலேதான் இருக்கின்றது. 2021-ஆம் ஆண்டு முதல் அது ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் என்னும் அரசு நிறுவனத்தின்கீழ் இயங்குகின்றது. அவ்வீரருள் சிலர் சியாச்சின் பனியாற்றில் காவல் நிற்கின்றனர். 1984 ஏப்ரல் முதல் நம் படை அங்கு நிலைகொண்டுள்ளது. பனிக்காலத்தில் அங்கே வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழே 50 பாகை வரையிலும் இறங்கும். அத்தகைய இடத்தில் விரல்கள் பிழைப்பது கையுறையால்.

கடுங்குளிரில் நம் உடல் நெஞ்சையும் மூளையையும் முதலில் காக்க முற்படும். அதன்பொருட்டு விரல்களுக்குச் செல்லும் குருதிக் குழாய்கள் சுருங்கிவிடும். குருதி குறைந்த விரல் முதலில் நோகும், பின்னர் மரத்துப்போகும். நோவு நின்றதென மகிழ்தல் பேதைமை. தசை உறையத் தொடங்குவது அப்போதுதான். உறைந்த விரலை வெட்டியெடுக்கவும் சில வேளைகளில் நேரும்.

கம்பளி தானே வெப்பத்தை உண்டாக்குவதில்லை. தன் இழைகளுக்கிடையே காற்றைச் சிறைப்படுத்தி, உடலின் வெப்பம் வெளியேறாமல் தடுக்கின்றது, அவ்வளவே. அங்கே நீர் புகுந்தால் காற்று விலகும். நீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு மிகுதியாக வெப்பத்தைக் கடத்தும். ஆதலின் எத்துணைத் தடித்த உறையும் நனைந்தால் அதன் பயன் பெரிதும் குறையும். நீர் வெளியிலிருந்து மட்டுமா வருகின்றது? மலையேறுவோர்க்கும் பனிச்சறுக்கு ஆடுவோர்க்கும் உள்ளங்கை வியர்க்குமன்றோ! ரப்பர் உறை பனிநீரைத் தடுக்கும். வியர்வையையும் உள்ளே அடைத்துவிடும். எனவே நல்ல கையுறையினுள் மெல்லிய சவ்வு ஒன்றை வைத்துத் தைப்பர். அதன் நுண்துளைகளில் நீர்த்துளி நுழையாது, நீராவி வெளியேறும். 1969-இல் அமெரிக்கரான பாப் கோர் கண்டறிந்த, இழுத்து விரித்த டெஃப்லான் இவ்வகையில் புகழ்பெற்றது.

குல்மார்க்கிற்குச் சறுக்கு விளையாடச் செல்வோர், கடையிலேயே உறையை அணிந்து விரல்களை மடக்கிப் பார்த்தல் வேண்டும். இறுகப் பிடித்தால் குருதியோட்டம் தடைப்படும். தளர்ந்தால் ஊன்றுகோலைப் பற்ற இயலாது. நான்கு விரல்களும் ஓரறையில் கூடியிருக்கும் உறை, விரல்தோறும் பிரிந்த உறையினும் வெப்பம் மிக்கது. கூட்டுக் குடும்பத்தைப்போல் அங்கே விரல்கள் ஒன்றையொன்று காக்கின்றன. ஆயின், அதனை அணிந்துகொண்டு கயிற்றை முடிதலும் துப்பாக்கியின் விசையை இழுத்தலும் அரிது. ஆகவே மெல்லிய உள்ளுறை ஒன்றை அணிந்து, அதன்மேல் பெரிய உறையை மாட்டுவதுண்டு. ஒற்றைப் பலகையில் சறுக்குவோர் அடிக்கடி பனியில் கையூன்றி எழுவர். அவர்க்கு உள்ளங்கைப் பக்கம் உறுதியான தோல் இருத்தல் வேண்டும்.

உறையைக் கழற்றும்போது காற்று அதனைப் பறித்துச் சென்றால், மற்றொன்று வாங்கப் பனிமலையில் கடை ஏது? அதனால்தான் அதனை மணிக்கட்டோடு கயிற்றாற் பிணைத்துக்கொள்கின்றனர்.