முயலுக்கு பின்னங்காலில் புண்ணா? மருந்துக்கு முன்னாடி கூண்டோட தரையைப் பாருங்க!

"முயல் சாப்பிடுது, ஆனா முன்ன மாதிரி குதிக்கல. ஒரே மூலையில உட்கார்ந்திருக்கு." வீட்டில் முயல் வளர்ப்பவரா நீங்கள்? இப்படித் தோன்றினால் முதலில் பார்க்க வேண்டிய இடம், பின்னங்காலின் அடிப்பாகம். அங்கே முடி உதிர்ந்து தோல் சிவந்திருந்தால், அது 'சோர் ஹாக்ஸ்' எனப்படும் பாதப் புண்ணாக இருக்கலாம்.

ஏன் வருகிறது?

நாய், பூனையின் பாதத்தில் மெத்தை போன்ற சதை இருக்கும். முயலுக்கு அது கிடையாது. பாதத்து முடிதான் அதுக்கு செருப்பு. உட்காரும்போது உடல் எடையில் பெரும்பகுதி பின்னங்கால்களில்தான் இறங்கும். கீழே கம்பி வலை இருந்தால் அந்த எடை சில மெல்லிய கம்பிகள் மேல் அழுந்தும். முதலில் முடி தேயும், பிறகு தோல் தடிக்கும், அப்புறம் வெடித்துப் புண்ணாகும்.

நம்ம ஊரில் சிக்கலே இந்தக் கூண்டுதான். கம்பித் தரை என்பது இறைச்சி முயல் பண்ணைகளுக்கான ஏற்பாடு. புழுக்கையும் சிறுநீரும் கீழே விழுந்தால் சுத்தம் செய்வது சுலபம், அவ்ளோதான். அதே கூண்டை வாங்கி மொட்டை மாடியில் வைத்துவிடுகிறோம். உள்ளங்கையில் அடங்கும் குட்டி, ஒயிட் ஜெயன்ட் போன்ற பண்ணை இனமாக இருந்தால், வளர்ந்து 4 கிலோவைத் தாண்டும். எடை கூடக் கூட பாதத்துக்கு ஆபத்தும் கூடும்.

கம்பி இல்லாவிட்டாலும் வரலாம். வழவழப்பான டைல்ஸ் தரை, சிறுநீரில் ஊறிய சாக்கு, நீளமாக வளர்ந்த நகம், நாள் முழுக்க கூண்டிலேயே அடைப்பது எல்லாமே காரணம்தான். பாதத்தில் முடி குறைவாக உள்ள ரெக்ஸ் இன முயல்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும்.

சொறியா, பாதப் புண்ணா?

பலரும் குழம்புவது இங்கேதான். சொறி என்றால் காது ஓரம், மூக்கு, விரல்களில் வெள்ளையாகப் பொருக்கு கட்டும், அரிப்பு இருக்கும். பாதப் புண் பெரும்பாலும் அடிப்பாதத்தில், குதிகால் பக்கம் இருக்கும். சொறிக்குப் போடும் ஊசி இதற்கு உதவாது.

என்ன செய்யலாம்?

முடி மட்டும் உதிர்ந்து, தோல் முழுசாக இருந்தால் தரையை மாற்றினாலே பெரும்பாலும் மோசமாகாமல் தடுக்கலாம். கம்பி மேல் பலகை போட்டு, அதன் மேல் தடிமனான பருத்தித் துண்டு அல்லது காய்ந்த புல் பரப்புங்கள். நனைந்தால் அன்றே மாற்றுங்கள். துண்டைக் கடித்து விழுங்கும் முயல் என்றால் புல் மட்டும் போதும். புண்ணைச் சுற்றி மிச்சமிருக்கும் முடியை வெட்டாதீங்க, அதுவும் மெத்தைதான்.

தோல் வெடித்து ரத்தமோ சீழோ தெரிந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் பூசினால் முயல் அதை நக்கிவிடும், முடியும் பிசுபிசுவென ஒட்டிக்கொள்ளும். சீழைப் பிதுக்கவும் கூடாது. முயலின் சீழ் பற்பசை மாதிரி கெட்டியாக இருக்கும், சுலபத்தில் வெளியே வராது. தொற்று எலும்பு வரை போயிருக்கிறதா என்று பார்க்க மருத்துவர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லலாம். வலி மருந்து, ஆன்டிபயாடிக், கட்டு என சிகிச்சை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நீளும். தரை மாறாவிட்டால் ஆறிய புண் திரும்ப வரும்.

ரொம்ப முக்கியமான ஒன்று: வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து, உயிரே போகலாம்.

வாரம் ஒரு முறை பாதத்தைப் பாருங்கள். முயலைத் தூக்கிப் புரட்ட வேண்டாம், உதைத்துத் திமிறினால் முதுகெலும்பே முறியலாம். தரையில் உட்கார்ந்து ஒருவர் மார்போடு அணைத்துப் பிடிக்க, இன்னொருவர் பார்க்கலாம். கால் வலியில் 12 மணி நேரம் எதுவுமே சாப்பிடாமல் இருந்தால் அது அவசர நிலை. விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள்.