முதல் லேப்டாப்: மலிவா, விலை உயர்ந்ததா?

சுங்கை சிப்புட் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்து வீட்டிலிருந்து ஈப்போவுக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போறீங்க. பையில் போட்டுக்கொள்ள சின்ன லேப்டாப் ஒண்ணு வேணும். எதை வாங்கலாம்?

மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். புது மேக்புக் ஏர் 4,000 ரிங்கிட்டைத் தாண்டும். இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல்! எடை 1.24 கிலோதான், விசிறிச் சத்தமே இல்லை. நல்ல பொருள். ஆனா எக்செல், மின்னஞ்சல், ஸூம் மட்டும்தான் வேலைன்னா அவ்வளவு செலவு தேவையில்லை.

அதுக்காக ஆக மலிவானதையும் தூக்கிட்டு வராதீங்க. 4ஜிபி ரேம், 64ஜிபி சேமிப்பிடம் என்பது விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் ஆகக் குறைந்த அளவு. அப்டேட் வந்தாலே இடம் நெருக்கும். ஃபைல்களை கிளவுட்டில் வைக்கலாம்தான். தோட்டத்தில் லைன் கிடைக்கணுமே!

16ஜிபி ரேம், 512ஜிபி எஸ்எஸ்டி இருந்தா சில வருஷம் கவலையில்லை. பட்ஜெட் இடிக்குதா? 8ஜிபி எடுங்க, ஆனா ரேமைப் பிறகு கூட்ட முடியுமான்னு கடையில் கேளுங்க. மெலிசான பல மாடல்களில் ரேம் மதர்போர்டோடு ஒட்டியே வரும், மேக்புக்கும் அப்படித்தான்.

செகண்ட் ஹேண்ட் என்றால், இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தியது வேண்டாம். விண்டோஸ் 11 அதை ஆதரிக்காது. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-இல் முடிஞ்சிடுச்சு.

வருமான வரி கட்டுறவங்க ரசீதை 7 வருஷம் பத்திரமா வைங்க. சொந்த உபயோகத்துக்கு வாங்கும் கணினிக்கு ‘வாழ்க்கைமுறை’ வரி விலக்கு உண்டு. புத்தகம், கைப்பேசி, இணையக் கட்டணம் எல்லாம் சேர்த்து உச்சவரம்பு 2,500 ரிங்கிட்.