பழைய கார் விற்பவரிடம் குறையை எப்படிச் சொல்வது?

அப்பா ஓட்டிய அம்பாசிடரையோ பத்மினியையோ விற்பவர் வியாபாரி அல்ல. பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர், "காயலான் கடைக்குத்தான் போகும்" என்று முகத்தில் அடித்தாற்போல் பேசுகிறார்கள். மீதிப் பேர், "வீட்டில் கேட்டுச் சொல்றேன் சார்" என்று நழுவிவிடுகிறார்கள். வண்டியில் என்ன கோளாறு என்பது கடைசிவரை அவருக்குத் தெரிவதே இல்லை.

குறையை இடம் காட்டிச் சொல்லுங்கள். அவரிடம் கேட்டுக்கொண்டு தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். கதவின் அடிவிளிம்பில் காந்தத்தை வையுங்கள். ஒட்டாவிட்டால் உள்ளே கனமாகப் பட்டி பூசியிருக்கிறது. "சார், இங்கே தகடு போயிருக்கு. டிங்கரிங் செலவைக் கழித்துத்தான் விலை சொல்ல முடியும்" என்றால் யாருக்கும் கோபம் வராது. அக்கம்பக்கத்தார் முன்னால் மட்டும் சொல்லாதீர்கள்.

அடுத்து ஆர்.சி. அதிலுள்ள எஞ்சின், சேஸிஸ் எண்களை வண்டியோடு ஒப்பிடுங்கள். பெட்ரோல் வண்டியில் டீசல் எஞ்சின் ஏற்றி, ஆர்.சி.யில் பதியாமல் விட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். நாளை இன்சூரன்ஸில் சிக்கல் வரும்.

நான் அதிகம் பார்க்கும் கூத்து, இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே ஆர்.சி. கிடப்பது. மகன் கையெழுத்துப் போட்டு அந்த வண்டியை விற்க முடியாது. இறப்பை 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்திருக்க வேண்டும். கெடு தாண்டியிருந்தாலும் முதல் வேலை அதுதான். இறப்புச் சான்று, இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து வாங்கும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் வேண்டும். "ஒரு பேப்பர் குறையுது" என்று மட்டும் சொல்லித் திருப்பி அனுப்பும் அலுவலர்கள், எது குறைகிறது என்று எழுதித் தந்தால் என்ன? விடாமல் கேளுங்கள்.

பெயர் மாறிய பிறகே விற்பனைக்கான 29, 30 படிவங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்காதீர்கள். அவரையும் போட விடாதீர்கள். விபத்து நடந்தால் பதிவேட்டில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று நவீன் குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டியை வாங்காவிட்டாலும் இதை அவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். மாநிலத்துக்குள் விற்றால், 14 நாளுக்குள் படிவம் 29 அலுவலகத்துக்குப் போக வேண்டும்; ஒப்புகைச் சீட்டை அவர் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். மறுபடியும் சொல்கிறேன்: வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.