கல்லூரிக்கு ஒரு திறந்த கற்றல் தளம்

திருப்பூருக்கும் ஈரோட்டிற்கும் இடையே, இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த ஊர் ஊத்துக்குளி. வெண்ணெய்க்குப் பெயர் பெற்ற இவ்வூரிலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் பனியன் கம்பெனிகளுக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்வோர் பலர். அவர்களுடைய பிள்ளைகள் இன்று கல்லூரியில் பயில்கின்றனர். அவர்களில் சிலர் மாலையில் ஷிப்டு வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள். வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. அதனைத் தம்பி தங்கையருடன் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாகக் கல்லூரிகள் மூடப்பட்டபோது, பாடங்கள் இத்தகைய கைப்பேசிகளுக்குள்தான் நுழைந்தன. வாட்ஸ்அப் குழுவில் குறிப்புகள் வந்தன. விடைத்தாள்கள் நிழற்படங்களாகத் திரும்பிச் சென்றன. எது எந்தப் பாடத்திற்குரியது, யார் எதை எப்போது அனுப்பினார் என்று தேடுவதிலேயே பொழுது கழிந்தது. அந்த நிலை மாறிவிட்டது. ஆனால் இணைய வழிக் கல்வி மறையவில்லை. 2021 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட கருத்துக் குறிப்பு, ஒரு பாடத்தில் 40 விழுக்காடு வரை இணைய வழியே நடத்தலாம் என்றது. படிப்பின் இத்துணைப் பெரிய பங்கு ஒரு மென்பொருளின் வழியே செல்லுமாயின், அந்த மென்பொருள் யாருடைய பொறுப்பில் இருக்க வேண்டும்? இக்கேள்விக்குப் பல பல்கலைக்கழகங்கள் கண்ட ஒரு விடையை இக்கட்டுரையில் காண்போம்.

கற்றல் தளம் என்பது யாது?

பாடக்குறிப்பு, ஒலிப்பதிவு, ஒப்படைப்பு, தேர்வு, மதிப்பெண், ஐயம் தீர்த்தல் ஆகிய அனைத்தையும் பாடவாரியாக ஒரே இடத்தில் அடுக்கி வைக்கும் மென்பொருளே கற்றல் தளம். இதற்கு மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது, மாணவர் கேட்கும் பக்கத்தை அவ்வப்போது ஆக்கித் தரும் நிரல். இரண்டாவது, யார் எந்தப் பாடத்தில் உள்ளார், என்ன விடை எழுதினார் என்பவற்றை அட்டவணைகளாகச் சேமிக்கும் தரவுத்தளம். மூன்றாவது, ஆசிரியரும் மாணவரும் ஏற்றும் கோப்புகளுக்கான கிடங்கு. இம்மூன்றும் சேவைக் கணினி ஒன்றில் இயங்குகின்றன. மாணவரின் கைப்பேசியில் இருப்பது அதனை எட்டிப்பார்க்கும் சாளரமே.

தைத்த பனியனும் வெட்டும் அச்சும்

'திறமூலம்' என்ற சொல்லின் பொருளைப் பனியன் தொழிலைக்கொண்டே விளக்கலாம். கடையில் வாங்கிய பனியனை நாம் அணியலாம். ஆனால் அதே பனியனை வேறோர் அளவில் தைக்க வேண்டுமாயின், துணியை வெட்டுவதற்கான பேட்டர்ன் வேண்டும். மென்பொருளிலும் இவ்வாறே. பெரும்பாலான வணிக மென்பொருள்கள் தைத்து முடித்த பனியன்களே. பேட்டர்ன் அந்நிறுவனத்தின் பெட்டியில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். திறமூல மென்பொருளிலோ பேட்டர்னும் சேர்த்தே தரப்படுகிறது. இதற்கு மூலநிரல் என்று பெயர். அதனைப் பயன்படுத்தலாம், படித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் வழங்கலாம். இவ்வுரிமைகளைக் காப்பதற்கென 1989இல் ரிச்சர்டு ஸ்டால்மன் வகுத்ததே குனூ பொது உரிமம்.

பாலைநிலத்திலிருந்து வந்த மூடில்

இவ்வுரிமத்தின்கீழ் வெளிவந்த கற்றல் தளங்களுள் உலகெங்கும் பரவலாக வழங்குவது மூடில். இதனை உருவாக்கிய மார்ட்டின் டூகியாமஸ், மேற்கு ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் ஒதுக்கமான ஒரு குடியிருப்பில் வளர்ந்தவர். பள்ளி எட்டாத் தொலைவில் இருந்தமையால், இளமையில் அவர் சிற்றலை வானொலி வழியாகவே பாடங்கேட்டார். பின்னர் பெர்த் நகரிலுள்ள கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் வெப்சிடி என்னும் வணிகக் கற்றல் தளத்தைப் பேணும் பணியில் இருந்தார். அதில் நிறைவு காணாது, தாமே ஒன்றைப் படைத்து, மூடிலின் முதற் பதிப்பை 2002 ஆகஸ்டு 20இல் வெளியிட்டார்.

இங்கே வெப்சிடியின் கதையும் அறியத்தக்கது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தோன்றிய அத்தளம் பல நாடுகளில் வழக்கில் இருந்தது. 2006இல் அதன் போட்டி நிறுவனமான பிளாக்போர்டு அதனை வாங்கியது. பின்னர் வெப்சிடி படிப்படியாக வழக்கொழிந்தது. அதனை நம்பியிருந்த பல்கலைக்கழகங்கள் வேறு தளங்களுக்கு மாற நேர்ந்தது. மூலநிரல் தம் கையில் இல்லாதபோது, பழைய தளத்தைத் தாமே பேணுவோம் என்று சொல்ல வழியில்லை.

ஒரு பல்கலைக்கழகத்தின் முடிவு

1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்த இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொலைநிலைக் கல்விக்குப் புகழ்பெற்றது. அது 2005ஆம் ஆண்டின் இறுதியில் மூடிலை ஏற்பதாக அறிவித்தது. ஏற்றதோடு நில்லாமல், தன் தேவைக்கேற்ப அதனைத் திருத்தவும் முற்பட்டது. மூடிலில் வினாக்களை வழங்கி விடைகளை மதிப்பிடும் பகுதியை அப்பல்கலைக்கழக நிரலாளர் மீண்டும் அடிப்படையிலிருந்து எழுதினர். அவ்வாறு எழுதிய நிரல் 2011இல் வெளியான 2.1 பதிப்பில் பொதுச் சொத்தாகச் சேர்ந்தது. இன்று தமிழ்நாட்டில் ஒரு சிறிய கல்லூரி மூடிலை நிறுவினால், அந்த உழைப்பின் பயன் அதற்கும் கிடைக்கிறது.

இந்தியாவிலும் எடுத்துக்காட்டுகள் உண்டு. சென்னை, மும்பை ஐ.ஐ.டி.க்கள் தம் மாணவர்களுக்கான பாடங்களுக்கு மூடிலைப் பயன்படுத்தியுள்ளன. 2013 ஜூன் மாதம் எடெக்ஸ் என்னும் தளத்தின் மூலநிரல் பொதுவில் வைக்கப்பட்டது. அந்நிரலைக் கொண்டே மும்பை ஐ.ஐ.டி. வெளிமாணவர்களுக்கான இணையப் பாடங்களை அமைத்தது.

ஒரே வினா, வெவ்வேறு எண்

இத்தகைய தளத்தால் இயற்பியல் வகுப்பிற்கு என்ன நன்மை? ஒரு சிறு எடுத்துக்காட்டைக் காண்போம். தனி ஊசலின் அலைவுநேரம், அதன் நீளத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 2π ஆல் பெருக்கக் கிடைப்பது. எல்லாருக்கும் ஒரே நீளத்தைக் கொடுத்தால், ஒருவர் போட்ட விடை ஐந்தே நிமிடத்தில் குழு முழுவதும் பரவிவிடும்.

மூடிலில் வினாவை எழுதும்போது நீளத்திற்கு எண்ணுக்குப் பதிலாக ஒரு குறியீட்டை இட்டு, அலைவுநேரச் சூத்திரத்தையும் கொடுத்துவிடலாம். ஒரு மாணவருக்கு நீளம் 0.64 மீட்டர் என வரும். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 எனின் விடை 1.61 விநாடி. அடுத்தவருக்கு 0.81 மீட்டர், விடை 1.81 விநாடி. 2 விழுக்காடு வரை வேறுபாட்டை ஏற்கலாம் என்றும் குறித்துவிடலாம். எனவே தசமத்தைத் தோராயமாக்கியவரும் மதிப்பெண் இழப்பதில்லை. நண்பர்கள் இப்போது விடையைப் பங்கிட்டுப் பயனில்லை. வழிமுறையைத்தான் பங்கிட வேண்டும். அதுவும் கற்றலே அன்றோ!

இணைப்புக் குறைந்த இடங்களில்

காணொளியாகவே எல்லாப் பாடங்களையும் தருவது நம் மாணவர்க்கு ஏற்றதா என்பதையும் கணக்கிட்டே முடிவு செய்ய வேண்டும். விநாடிக்கு 500 கிலோபிட் வீதம் ஓடும் 45 நிமிடக் காணொளிக்கு ஏறத்தாழ 169 மெகாபைட்டு தரவு செலவாகும். அதே பாடத்தை விநாடிக்கு 32 கிலோபிட் அளவில் ஒலியாக மட்டும் தந்தால் ஏறத்தாழ 11 மெகாபைட்டே செலவாகும். அதனுடன் சில படங்களைச் சேர்த்தாலும் வேறுபாடு மிகப் பெரிது. ஒரு கைப்பேசியை மூவர் பங்கிடும் வீட்டில் இது சிறிய செய்தியன்று.

மூடிலின் கைப்பேசிச் செயலியில் பாடங்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, இணைப்பு இல்லாதபோதும் படிக்கலாம். கல்லூரியின் வைஃபையில் இறக்கிக்கொண்டு, ஷிப்டு முடிந்து பேருந்தில் திரும்பும்போது கேட்கலாம். மேலும், உள்ளங்கை அளவே உள்ள ராஸ்பெரி பை என்னும் கணினியில் மூடிலை நிறுவி, அறைக்குள் மட்டும் இயங்கும் தளமாக்கும் மூடில்பாக்ஸ் என்ற திறமூல முயற்சியும் உள்ளது. இதற்கு இணைய இணைப்பே வேண்டுவதில்லை. மூலநிரல் திறந்திருப்பதால்தான் இத்தகைய முயற்சிகள் கைகூடுகின்றன.

மொழியும் இவ்வாறே. மூடிலின் பொத்தான்களிலும் அறிவிப்புகளிலும் வரும் சொற்களைத் தன்னார்வலர்கள் பல மொழிகளில் பெயர்த்து வருகின்றனர். தமிழுக்கும் இடம் உண்டு; ஆயினும் அப்பணி முழுமை பெறவில்லை. வணிகத் தளமாயின், தமிழ் வேண்டுமென்று விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இங்கோ தமிழாசிரியரும் கணினித்துறை மாணவர்களும் சேர்ந்து தாமே அதனை நிறைவு செய்யலாம்.

இலவசம் என்பதன் பொருள்

உரிமக் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று எண்ணிவிடலாகாது. சேவைக் கணினி வேண்டும். தடையற்ற மின்சாரம் வேண்டும். இவை எல்லாவற்றிற்கும் மேலாக, பேணும் ஆள் வேண்டும். மூடிலின் புதிய பதிப்பு ஆண்டுக்கு இருமுறை வருகிறது. இடையிடையே பாதுகாப்புத் திருத்தங்களும் வருகின்றன. அவற்றை உடனுக்குடன் இடாத தளம் பூட்டாத வீட்டைப் போன்றது. மதிப்பெண்களின் நகலை நாள்தோறும் எடுத்து, ஒன்றையாவது வேறு கட்டடத்தில் வைக்க வேண்டும். அந்நகலிலிருந்து தளத்தை மீட்க முடிகிறதா என்பதையும் அவ்வப்போது சோதித்துப் பார்க்க வேண்டும்.

தேர்வு நாளின் நெரிசலையும் முன்னரே கணக்கிடுதல் நலம். 1,200 மாணவர் தேர்வு எழுதுகின்றனர், ஒரு பக்கத்தின் அளவு 300 கிலோபைட்டு எனக் கொள்வோம். பத்து மணி அடித்ததும் 10 விநாடிக்குள் அனைவரும் நுழைந்தால், விநாடிக்கு 120 பக்கங்கள். அதாவது ஏறத்தாழ 288 மெகாபிட். நுழைவை 10 நிமிடங்களுக்குப் பரப்பினால், விநாடிக்கு 2 பக்கங்களே. தேவை 5 மெகாபிட்டிற்கும் குறைவு. விலையுயர்ந்த கணினியை வாங்குமுன், கால அட்டவணையைச் சற்றே மாற்றினால் போதுமா என்று பார்க்கலாம்.

பேணும் ஆளுக்கு ஒரு சிறிய கல்லூரி எங்கே போகும்? இதற்கும் திருப்பூரிலேயே முன்மாதிரி உண்டு. ஒவ்வொரு சாயப்பட்டறையும் தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் அமைக்க இயலாதபோது, பல பட்டறைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்துக்கொண்டன. அதுபோலவே ஒரு பல்கலைக்கழகமோ, அதனோடு இணைந்த சில கல்லூரிகளோ கூடி ஒரு பொதுச் சேவைக் கணினியையும், தேர்ந்த இருவர் மூவரையும் வைத்துக்கொள்ளலாம். ஓர் ஆண்டு இரண்டு பாடங்களில் மட்டும் தொடங்கி, குறைகளைக் களைந்து, பிறகு விரிவாக்குவதே நல்ல முறை.

திறமூலத் தளத்தை ஏற்பதென்பது பணத்தை மிச்சப்படுத்தும் உபாயம் மட்டுமன்று. வெளியாருக்குக் கட்டணமாகச் செல்லும் பணத்தின் ஒரு பகுதியை நம் ஆட்களின் திறனுக்காகச் செலவிடும் முடிவு அது. கருவியைத் திறந்து பார்த்துப் பழுது நீக்கத் தெரிந்த ஒருவர் இருக்கும் தையற்கூடத்தில் வேலை நின்றுவிடுவதில்லை. நம் கல்லூரிகளிலும் அத்தகையோர் உருவாவார்களாயின், பாடம் மாணவரின் மொழிக்கும், நேரத்திற்கும், கைப்பேசிக்கும் ஏற்ப அமையும். பேட்டர்ன் கிடைத்துவிட்டது, வெட்டித் தைக்கக் கற்பதே நம் முன் உள்ள வேலை.