'கணக்கு இல்லை' என்பதும் ஒரு பதில்தான்!

2020-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் பாராளுமன்றத்தில் ஒரே வாரத்தில் இரண்டு பதில்கள் வந்தன. கொரோனா ஊரடங்கின்போது சொந்த ஊருக்குத் திரும்பிய வெளி மாநிலத் தொழிலாளர்களில் எத்தனை பேர் வழியில் இறந்து போனார்கள் என்பதே இரண்டு கேள்விகளின் உட்கருத்தும்.

செப்டம்பர் 14-ந் தேதி, கூட்டத் தொடரின் முதல் நாள். லோக்சபையில் தொழிலாளர் இலாகா எழுத்து மூலம் பதில் அளித்தது. அப்படிப்பட்ட புள்ளிவிவரம் எதுவும் வைத்துக்கொள்ளப்படவில்லை என்றது. இறந்தவர்களின் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு உண்டா என்றும் கேட்டிருந்தார்கள். கணக்கே இல்லாதபோது அந்தக் கேள்வி எழவில்லை என்று அதற்கும் பதில் வந்தது. அதே நாளில் அதே இலாகா, சொந்த மாநிலம் திரும்பிய தொழிலாளர்கள் 1 கோடியே 4 லட்சத்துக்கும் மேல் என்று கணக்குக் கொடுத்திருந்தது. ஊர் போய்ச் சேர்ந்தவர்களை எண்ண முடிந்திருக்கிறது. போய்ச் சேராதவர்களை எண்ணவில்லை.

நான்கு நாள் கழித்து ராஜ்யசபை. திரிணாமுல் காங்கிரஸ் எம்.பி. டெரக் ஓ பிரையன் ரெயில்வே இலாகாவைக் கேட்டார். ரெயில்வே மந்திரி பியூஷ் கோயல் எழுத்து மூலம் பதில் அளித்தார். செப்டம்பர் 9-ந் தேதி வரை 'சிரமிக்' சிறப்பு ரெயில்களில் பயணம் செய்தபோது இறந்தவர்கள் 97 பேர். அவர்களில் 87 பேரின் உடல்களை மாநிலப் போலீசார் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். 51 பேரின் அறிக்கை வந்திருந்தது. மாரடைப்பு, இதய நோய், மூளையில் ரத்தக் கசிவு, நாள்பட்ட நுரையீரல் நோய், ஈரல் நோய் என்று அவற்றில் காரணம் காட்டப்பட்டிருந்தது.

ஓர் இலாகாவுக்குத் தெரியாத கணக்கு இன்னொரு இலாகாவிடம் மட்டும் எப்படி இருந்தது?

ஸ்டேஷன் மாஸ்டரின் மெமோ

ரெயிலில் வேலை பார்ப்பவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஓடும் வண்டியில் ஒருவர் இறந்தால் அடுத்து நிற்கும் ஸ்டேஷனில் தகவல் சொல்ல வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் ரெயில்வே போலீசுக்கு மெமோ கொடுப்பார். போலீசார் உடலை இறக்கி, விசாரணைக்கு வழக்குப் பதிவு செய்வார்கள். அன்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-வது பிரிவு. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 194-வது பிரிவு. எந்த வண்டி, எந்தப் பெட்டி, எந்த ஸ்டேஷன் என்று ஒவ்வொன்றும் காகிதத்தில் ஏறிவிடுகிறது. 2020 மே 1-ந் தேதி முதல் ஆகஸ்டு முடிய ஓடிய சிரமிக் ரெயில்கள் 4,621. போனவர்கள் 63 லட்சத்து 19 ஆயிரம் பேர். அந்த 97 என்ற எண்ணும் மாநிலப் போலீசார் தந்த தகவலின் பேரில் சொன்னதே. யாரோ ஒருவர் எழுதி வைத்ததால்தான் அது கிடைத்தது.

நடந்து போனவர்களுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை. மே 8-ந் தேதி விடியற்காலை, அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் படுத்துறங்கிய 16 தொழிலாளர்கள் சரக்கு ரெயிலில் அடிபட்டு இறந்தார்கள். மத்தியப் பிரதேசத்துக்காரர்கள். ஜால்னாவில் இரும்பு ஆலை வேலை. ஊருக்கு ரெயில் கிடைக்குமென்று புசாவல் நோக்கித் தண்டவாளத்தின் வழியே நடந்து வந்தவர்கள். ரெயிலில் அடிபட்டு இறந்த அவர்கள் ரெயில்வே சொன்ன 97-ல் வரமாட்டார்கள். ஏனெனில் அவர்கள் பயணிகள் அல்ல!

சட்டமே இல்லாததால் கணக்கு வைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 1979-ம் ஆண்டின் மாநிலங்களுக்கு இடையிலான புலம்பெயர்ந்த தொழிலாளர் சட்டம் அப்போது அமலில் இருந்தது. அதன்படி காண்டிராக்டர் தொழிலாளிக்குப் போட்டோ ஒட்டிய பாஸ்புக் கொடுக்க வேண்டும். வேலையில் விபத்து நேர்ந்து உயிர் போனாலோ, பலத்த காயம் பட்டாலோ, இரண்டு மாநில அதிகாரிகளுக்கும் தொழிலாளியின் நெருங்கிய உறவினருக்கும் தெரிவிக்க வேண்டும். ஊரடங்கில் சாலையில் விழுந்தவர்களுக்கு இந்தப் பிரிவு நேராகப் பொருந்தாமல் போகலாம். ஆனால் அந்தப் பாஸ்புக்குகளும் ரிஜிஸ்தர்களும் ஒழுங்காக இருந்திருந்தால், ஊர் பேர் தெரியாத கூட்டமாக அவர்கள் நடந்திருக்க மாட்டார்கள்.

துணைக் கேள்வி இல்லாத தொடர்

51 பேரின் அறிக்கை வந்தது சரி. மீதி 46 பேர் எதனால் இறந்தார்கள்? வண்டியில் தண்ணீர் இருந்ததா? எத்தனை மணி நேரத் தாமதம்? இவற்றை எழுந்து நின்று கேட்க அந்தத் தொடரில் வழி இல்லை. கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். 1962-ல் சீனப் போரின்போதும், 1975, 76-ல் நெருக்கடி நிலையின்போதும் அப்படி நடந்தது உண்டு. எழுத்து மூலம் பதில் பெறும் கேள்விக்கு மட்டுமே 2020-ல் அனுமதி.

கேள்விகளில் இரண்டு ரகம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு மந்திரி சபையில் வாயால் பதில் சொல்ல வேண்டும். கேட்டவரும் மற்றவர்களும் துணைக் கேள்வி போடலாம். குறியில்லாத கேள்விக்குக் காகிதத்தில் பதில். லோக்சபையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்விகள் 20, மற்றவை 230. எம்.பி.க்கள் குறைந்தது 15 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுத்து, குலுக்கலில் பெயர் வர வேண்டும். அதிலும் ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு கேள்விகளைத் தாண்டுவது அபூர்வம். 2019 நவம்பரில் ஒரு நாள் இருபதும் எடுக்கப்பட்டது பெரிய செய்தியாக வந்தது.

துணைக் கேள்விதான் மந்திரிக்கு உண்மையான பரீட்சை. முதல் பதிலை அதிகாரிகள் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். இரண்டாவது கேள்வி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று யாருக்குத் தெரியும்? வெள்ளைக்காரனுக்கும் இது தெரிந்திருந்தது. 1892-ம் ஆண்டுச் சட்டம் கேள்வி கேட்கும் உரிமையை மட்டும் கொடுத்தது. துணைக் கேள்வியைக் கொடுக்கவில்லை. 1909-ல்தான் அதைக் கொடுத்தார்கள், அதுவும் முதலில் கேட்டவருக்கு மட்டும். அந்தக் கவுன்சிலில் முதல் கேள்வி 1893-ல் எழுந்தது. கேட்டவர் பிங்கா சமஸ்தானத்து ராஜா. சுற்றுப் பயணம் வரும் அதிகாரிகளின் முகாமுக்குச் சாமான் கொடுத்துக் கஷ்டப்படும் கிராமத்துக் கடைக்காரர்களைப் பற்றித்தான் அவர் கேட்டார். கேட்டவர் ராஜா, கேள்வி மளிகைக் கடைக்காரருக்காக!

'அது மாநிலப் பொருள்'

உள்துறைக்குப் போகும் கேள்விகளுக்கு ஒரு பதில் அச்சுப் போட்டு வைத்தது போல வரும். அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி போலீசும் பொது அமைதியும் மாநிலப் பொருள்கள் என்பதே அது. சட்டப்படி அது சரி. மாநிலப் பட்டியலின் முதல் இரண்டு இனங்கள் அவைதான். மத்திய அரசாங்கத்தின் பொறுப்பில் இல்லாத விஷயத்தைப் பாராளுமன்றத்தில் கேட்கவும் விதி இடம் தராது.

சொந்த மாநிலத்தில் இருப்பவருக்கு இதனால் நஷ்டம் இல்லை. தன் தொகுதி எம்.எல்.ஏ.யைச் சட்டசபையில் கேட்கச் சொல்வார். ஓட்டு நாங்குநேரியிலும் வேலை தாராவியிலும் இருப்பவர் யாரைக் கேட்கச் சொல்வது? மும்பை போலீசைப் பற்றிச் சென்னைச் சட்டசபை கேட்க முடியாது. மும்பைச் சட்டசபையில் கேட்பவருக்கு இவர் ஓட்டு இல்லை. டில்லியில் கேட்டால் மாநிலப் பொருள்.

ஆனால் கேள்வி எழும்பினால் வேலை நடக்கும் என்பதற்கு 2023 மார்ச்சு மாதத்துச் சம்பவம் சாட்சி. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக வீடியோக்கள் பரவின. பீகார் சட்டசபையில் அமளி. அந்த அரசாங்கம் நால்வர் குழுவைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பியது. வீடியோக்கள் பொய் என்று தமிழ்நாட்டுப் போலீசார் விளக்கினார்கள். வதந்திதான் என்றாலும், பிழைக்கப் போன இடத்தில் இருப்பவர்களுக்காக ஊரில் இருப்பவர்கள் கேட்டார்கள் அல்லவா?

மாநிலப் பொருள் என்ற சுவரில் கதவு கண்டுபிடித்த எம்.பி.க்களும் இருக்கிறார்கள். போலீஸ் அடித்தார்களா என்று கேட்டால் மாநிலத்தைக் கேள் என்பார்கள். தேசிய மனித உரிமைக் கமிஷனுக்கு வந்த தகவல் எவ்வளவு என்று கேட்டால் தட்ட முடியாது. அது மத்தியச் சட்டத்தில் பிறந்த அமைப்பு. 2022 ஜூலை 26-ந் தேதி லோக்சபையில் அப்படித்தான் எண்கள் வெளிவந்தன. போலீஸ் காவலில் இறந்ததாகப் பதிவானவை 2020-21-ல் 100, 2021-22-ல் 175.

கோடியில் தடுமாற்றம்

வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறுவோர் விஷயம் மத்திய அரசாங்கத்தைச் சேர்ந்தது. அங்கே மாநிலத்தைச் சாக்குச் சொல்ல முடியாது. அப்படியும் கணக்குத் தடுமாறியது.

2004 ஜூலை 14-ந் தேதி உள்துறை ராஜாங்க மந்திரி ஸ்ரீபிரகாஷ் ஜெய்ஸ்வால் ராஜ்யசபையில் ஒரு கணக்குக் கொடுத்தார். 2001 டிசம்பர் 31-ந் தேதி நிலவரப்படி சட்ட விரோதமாகக் குடியேறிய வங்காள தேசத்தினர் 1 கோடியே 20 லட்சத்து 53 ஆயிரத்து 950 பேர் என்றார். கடைசி 50 வரை சுத்தமாக எண்ணிய கணக்கு! அசாமில் எதிர்ப்புக் கிளம்பியது. சில நாட்களில், அது கேள்விப்பட்டதை வைத்துச் சொன்னது, நம்பத்தக்கது அல்ல என்று அவரே சொல்ல வேண்டி வந்தது. 2016 நவம்பர் 16-ந் தேதி அதே சபையில் கிரண் ரிஜிஜு சுமார் 2 கோடி பேர் என்றார். பிறகு வந்த பதில்களிலோ, அவர்கள் தக்க தஸ்தாவேஜு இல்லாமல் மறைவாக வருகிறவர்கள், ஆகவே சரியான எண்ணிக்கை சொல்ல இயலாது என்ற வாசகம் இடம் பிடித்தது.

ஆட்சியில் எந்தக் கட்சி என்பது இதில் பெரிய வித்தியாசம் செய்யவில்லை. சபையில் விழுந்த கோடிக் கணக்கு மட்டும் மேடைகளில் தொடர்ந்து ஒலிக்கிறது. அதன் பலனை யார் அனுபவிக்கிறார்கள்? 2025-ல் பல நகரங்களில் வங்காள மொழி பேசும் கூலிக்காரர்கள் பிடித்து விசாரிக்கப்பட்டார்கள். எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டுப் பின்னர் கோர்ட்டு வரை போய்த் திரும்ப அழைத்துவரப்பட்ட இந்தியக் குடும்பமும் உண்டு. பேசும் மொழியை வைத்து அந்நியன் என்று பார்ப்பது எப்படியிருக்கும் என்று வெளி மாநிலத்தில் பிழைக்கும் தமிழருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பாராளுமன்றத்தின் சொந்தப் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டதும் சுலபமாக முடியவில்லை. 2023 டிசம்பர் 13-ந் தேதி பார்வையாளர் மாடத்திலிருந்து இருவர் லோக்சபைக்குள் குதித்துப் புகைக் குப்பியைத் திறந்தார்கள். 2001-ல் பயங்கரவாதிகள் தாக்கிய அதே தேதி. உள்துறை மந்திரி அறிக்கை தர வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கோஷமிட்டன. அந்தத் தொடரில் இரு சபைகளிலும் சஸ்பெண்டு ஆனவர்கள் 146 பேர். அவர்களின் பெயரில் இருந்த கேள்விகளும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. முதல் பட்டியலில் சேலம் எம்.பி. பார்த்திபன் பெயரும் இருந்தது. அன்று அவர் சபைக்கே வரவில்லை! தவறு தெரிந்ததும் அவர் மீதான சஸ்பெண்டு ரத்தானது.

எப்படிக் கேட்பது?

பதில்களில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. "தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, சபை முன் வைக்கப்படும்" என்று மந்திரி சொன்னால் அது வாக்குறுதி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். நிறைவேறவில்லையானால் கேட்பதற்கென்றே வாக்குறுதிகள் கமிட்டி இருக்கிறது; லோக்சபையில் 1953 முதல். "கணக்கு இல்லை" என்று சொல்லிவிட்டால் அது வாக்குறுதி ஆகாது. கமிட்டியிடம் போகாது. அதிகாரிகளுக்கு அது சௌகரியமான வாக்கியம்.

எனவே கேட்கிற விதத்தில் கவனம் வேண்டும். அபிப்பிராயம் கேட்கக் கூடாது, குத்தலாகப் பேசக் கூடாது, 150 வார்த்தைக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. எம்.பி.க்குக் கடிதம் எழுதுகிறவர்கள் குறைகளைப் பத்துப் பக்கம் எழுதி, கேள்வியை எழுத மறந்துவிடுகிறார்கள். பழைய 1979 சட்டம் போய், 2025 நவம்பர் 21-ந் தேதி முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலில் இருக்கின்றன. வேலையில் நேரும் உயிர்ச் சேதத்தை இரண்டு மாநிலங்களுக்கும் தெரிவிக்கும் கடமை அவற்றிலும் இருக்கிறது. அந்தத் தேதி முதல் அப்படி வந்த அறிக்கைகள் எத்தனை, எந்த எந்த மாநிலத்திலிருந்து, எத்தனை குடும்பத்துக்கு நஷ்ட ஈடு கிடைத்தது? சட்டம் மத்தியச் சட்டம், கேட்பது எண்ணிக்கை. ஒரு தபால் கார்டில் அடங்கிவிடும். லோக்சபையில் தொழிலாளர் இலாகாவின் முறை திங்கட்கிழமையில் வருவது வழக்கம். உள்துறைக்கு அங்கே செவ்வாய், ராஜ்யசபையில் புதன். எம்.பி.க்கு 15 நாள் அவகாசம் வேண்டும் என்பதால் கூட்டத் தொடர் தேதி அறிவித்த உடனே கார்டைப் போட்டுவிட வேண்டும்.