மூக்குத்தியை விட்டுட்டியே!

‘கல்கி’யில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வ’னை, மணியம் வரைந்த படங்களோடு வாரா வாரம் சேர்த்து, பைண்டு செய்து வைத்திருந்தார் என் அம்மாயி. அந்த நந்தினியையும் குந்தவையையும் பார்த்துப் பார்த்துத்தான் நான் பென்சில் பிடித்தேன்.

கல்யாணமாகி நெய்க்காரப்பட்டிக்கு வந்தபின் காலண்டர் தாளின் பின்பக்கம்தான் டிராயிங் நோட்டு. குழம்பு கொதிக்கும் நேரத்தில் வரைவேன். “இதுல என்ன காசா கெடைக்குது?” என்பார் மாமியார். ஒருமுறை நான் வரைந்த தாளிலேயே பஜ்ஜி எண்ணெயை வடிய விட்டுவிட்டார். அழுகையே வந்துவிட்டது!

எங்கள் ஊர் வெல்லத்துக்குப் பேர் போனது. ஒரு நாள் அவர் வெல்லம் தட்டிப் போட்டு கம்பு உருண்டை பிடித்துக்கொண்டிருந்ததை, அவருக்குத் தெரியாமல் வரைந்தேன். பார்த்துவிட்டார். திட்டு விழப்போகிறது என்று பயந்தால், “மூக்குத்திய விட்டுட்டியே கண்ணு” என்றார்! உடனே போட்டுக் காட்டினேன்.

போட்டோ என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். போன வருஷம் அவர் காலமானபோது, ஆதார் அட்டைப் படத்தைப் பார்த்த என் கணவர், “இது எங்கம்மா மாதிரியே இல்லை” என்றார். அந்தக் காலண்டர் தாளைத்தான் சட்டம் போட்டு, மாலை போட்டிருக்கிறோம்.

தோழிகளே, கோணலாக வந்தாலும் பரவாயில்லை. வீட்டுப் பெரியவர்களை ஒருமுறை வரைந்து வையுங்கள்.

– ஒரு வாசகி, நெய்க்காரப்பட்டி